ராய்ஸுக்கு விட்ட இடம்

பர்பாங்கில் மக்னோலியா சாலையில், கேஷிஷியனின் சலவைக்கடைக்கு மேல்மாடியில் ஒரு சின்னக் குழுவினர் உட்கார்ந்துகொண்டு, பதினைந்து வருஷமாக உலகத்தையே அதிர வைக்கிற இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் அந்தச் சாலையிலேயே ஒருத்தருக்கும் அவர்கள் பெயர் தெரியாது. சினிமாவுக்கு இசை போடுகிறவருக்காவது திரையில் ஒரு ஓரமாகப் பெயர் வரும். இவர்கள் செய்தது சினிமாவுக்கு நாலு மாதம் முன்னால் வருகிற ட்ரெய்லருக்கான இசை. இரண்டரை நிமிஷம். அதற்குள் கப்பல் கவிழும், குதிரைகள் பாயும், ராஜா செத்துப்போவான், நூறு பேர் கோரஸாக அலறுவார்கள், கடைசியில் ஒரு இடி, படம் வெளியாகும் தேதி, அவ்வளவுதான். படத்தின் நிஜமான இசையமைப்பாளர் அந்தச் சமயத்தில் முதல் சுரத்தைக்கூட யோசித்திருக்க மாட்டார். அதனால் ட்ரெய்லர் வெட்டுகிறவர்கள் இவர்களிடம் வந்து நின்றார்கள்.

அந்த இசை எந்தக் கடையிலும் கிடைக்காது. வெள்ளை உறை போட்ட வட்டத்தகடுகளில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சடித்து, ஊரில் இருக்கும் நாற்பது எடிட்டிங் அறைகளுக்கு மட்டும் போகும். உறையில் பெயர் இருக்காது. கோரினின் சொந்த அக்கா ஃப்ரெஸ்னோவிலிருந்து கேட்டபோதுகூட 'அதெல்லாம் வெளியில குடுக்க முடியாதுக்கா' என்று கையை விரித்துவிட்டாள்.

கோரின் டில்மன்தான் அந்த இசையை எழுதுகிறவள், எல்லாச் சத்தத்தையும் கலந்து கடைசி வடிவம் கொடுக்கிறவள். அறுபது வயது. கூட்டாளி கிடியன் மார்ஷ், கிடார், மேளம், வாய்ச்சவடால் மூன்றுக்கும் பொறுப்பு. மூன்றாவது ஆள் ராய்ஸ், கோரினின் கணவன். அவன் எதையும் வாசிக்கவில்லை, பாடவில்லை. பேசினான். ட்ரெய்லரில் இசை அடங்கி, கருந்திரையில் ஒரு ஆழமான குரல் 'அவனிடம் ஒரே ஒரு இரவுதான் பாக்கி இருந்தது' என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லி வயிற்றைக் கலக்குமே, அந்தக் குரல் அவனுடையது. மூன்று வருஷத்துக்கு முந்திய அக்டோபரில் நுரையீரல் வியாதியில் போய்ச் சேர்ந்தான்.

அவன் போன பிறகு கோரினுக்கு வேலை கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். வந்தாள், எழுதினாள், வீட்டுக்குப் போனாள். அந்த மந்தத்தைக் கலைத்தது இன்டர்நெட். எங்கெங்கோ இருக்கிற பிள்ளைகள் ட்ரெய்லர்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, அதில் வருகிற இசை யாருடையது என்று துப்புத் துலக்க ஆரம்பித்திருந்தார்கள். எப்படியோ மக்னோலியா சாலை முகவரியைக் கண்டுபிடித்து மின்னஞ்சல் எழுதினார்கள். கிடியன் எல்லாவற்றையும் அச்செடுத்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினான். ஒட்ட இடம் தீர்ந்து பக்கவாட்டிலும் ஒட்டினான். போலந்திலிருந்து ஒருத்தன், 'கப்பல் இரண்டாக உடையும்போது வருகிற இசை வேண்டும், அது இல்லாமல் என் கல்யாணத்தை நடத்த மாட்டேன்' என்று எழுதியிருந்தான்.

"பாத்தியா கோரி, ஒரு பொண்ணோட வாழ்க்கையே நம்ம கையில இருக்கு," என்றான் கிடியன்.

பத்துக் கடிதத்தில் ஏழு அந்தக் கப்பல் இசையைத்தான் கேட்டன. அவர்களுக்குள் அதற்கு 'உப்புக் கதவு' என்று பெயர். கோரின் எழுதியதிலேயே பெரியது. அதுதான் ராய்ஸுக்கும் பிடித்தமானது.

வெளியிட்டுவிடுவது என்று முடிவானது. பதினொரு உருப்படிகளைப் பொறுக்கினார்கள். கடைக்குப் போகிற இசைத்தட்டுக்கு ஒரு குழுவின் பெயர் வேண்டுமே! கீழே கேஷிஷியன் பதினைந்து வருஷமாக 'சத்தம் தாங்கல, சட்டை எல்லாம் ஹாங்கர்ல இருந்து தானா எறங்கி வருது' என்று புலம்பிவந்ததை நினைத்து, கிடியன் 'லவுட் நெய்பர்ஸ்' என்று வைத்தான். சத்தம் போடும் அண்டை வீட்டுக்காரர்கள். கோரினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதனால் அந்தப் பெயரே நின்றது.

இரண்டரை நிமிஷத்தை ஐந்து நிமிஷமாக இழுப்பது ஒரு வேலை. கோரஸுக்கு வார்த்தை கொடுப்பது அதைவிடப் பெரிய வேலை. ட்ரெய்லர் கோரஸில் அர்த்தமுள்ள வார்த்தை கூடாது, பேசுகிற குரலோடு மோதிக்கொள்ளும். அதற்காகக் கிடியன் அந்தக் காலத்தில் இருமல் மருந்து பாட்டிலின் பின்பக்கத்தைப் பார்த்து, அதிலிருந்த பெயர்களைக் குதறிப்போட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். நாற்பது பேர் கண்ணீர் மல்கப் பாடியது சளியை இளக்கும் சமாச்சாரத்தைத்தான். அதைக் கேட்டுப் பலருக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. இப்போது நிஜமான பாட்டு வேண்டும், அதைப் பாடவும் ஆள் வேண்டும் என்பதால் ஒடெஸா ட்ரென்ட்டைச் சேர்த்துக்கொண்டார்கள். இங்கிள்வுட்டில் சர்ச் பாடகர் குழுவில் வளர்ந்த பெண். முப்பத்திரண்டு வயது. தானே வரி எழுதுவாள். அவள் ராய்ஸைப் பார்த்ததே இல்லை.

கோடை முழுக்க வேலை நடந்தது. செப்டம்பரில் ஒரு புதன்கிழமை மத்தியானம் பதினொன்றும் தயார். வெள்ளிக்கிழமை தட்டு அச்சடிக்கிற தொழிற்சாலைக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் வெளியாள் ஒருத்தராவது கேட்க வேண்டும் என்றான் கிடியன்.

"யாரைக் கூப்பிடுறது? நமக்குத் தெரிஞ்ச ஆளெல்லாம் ட்ரெய்லர் ஆளுங்க."

"கீழ இருக்காரே. பதினஞ்சு வருஷமா ஓசியில கேட்டுக்கிட்டு இருக்கார். கருத்துச் சொல்லட்டும்."

கேஷிஷியன் கடையில் 'பத்து நிமிஷத்தில் வருகிறேன்' அட்டையை மாட்டிவிட்டு, மனைவி கட்டிக்கொடுத்த லஹ்மஜூன் என்கிற கறி ரொட்டியில் ஒரு அடுக்கை அலுமினியத் தாளோடு தூக்கிக்கொண்டு வந்தார். சோபாவில் நடுவாக உட்கார்ந்தார். 'உப்புக் கதவு' ஓடி முடிகிறவரை கையில் எடுத்த லஹ்மஜூனைக் கடிக்கவே இல்லை.

"பிரமாதம், கோரின் ஜான்," என்றார். அவர் பாஷையில் 'ஜான்' என்றால் 'கண்ணு'. "என் தம்பி கல்யாணத்துல கூட இப்படி அழுகை வரல. ஆனா ஒண்ணு கேக்கணும். நடுவுல ஏன் கரண்ட் போயிடுது?"

"கரண்ட்டா?"

"இந்தப் பொண்ணு பாடிக்கிட்டே வருது. மேளம், பீப்பி எல்லாம் சேருது. மலை உச்சிக்கு வந்துட்டோம்னு நிமிந்து உக்காருறேன், பொசுக்குனு ஒண்ணுமே இல்ல. நாலு செகண்டோ அஞ்சு செகண்டோ. அப்புறம் தடார்னு மறுபடி வருது. கீழ இருந்தும் பதினஞ்சு வருஷமா கவனிக்கிறேன். அந்த எடத்துல நீங்கள்ளாம் தண்ணி குடிக்கிறீங்கன்னு நெனச்சிருந்தேன்."

கிடியன் சிரித்தான். "எங்க ஒண்ணுமில்ல? அங்கதான..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுவிட்டான். முகம் மாறிப்போயிற்று.

மறுபடி போட்டார்கள். மேளம் ஏறியது, ஒடெஸாவின் குரல் ஏறியது, எல்லாம் சட்டென்று அடங்கியது. கோரினுக்கு எப்போதும் கேட்பது போலவே கேட்டது. கரகரத்த அந்தக் குரல், அவசரமில்லாமல், அவள் காதுக்குப் பக்கத்தில் பேசியது. பேய் பிசாசு சமாச்சாரம் ஒன்றும் இல்லை இது. பதினைந்து வருஷம் பழகிய காது, வராததையும் வந்ததாகவே எடுத்துக்கொள்ளும். ஒலிபெருக்கியில் வந்தது வெறும் மௌனம். சோபாவில் இருந்த கேஷிஷியன் ஒருத்தருக்குத்தான் அது மௌனமாகக் கேட்டது.

"அங்க ராய்ஸ் பேசுவான்," என்றான் கிடியன், மெதுவாக.

ஒரு கோடை முழுக்க உட்கார்ந்து, புதிதாகக் கிடார் சேர்த்து, பாட்டு எழுதி, மேளத்தை மாற்றிக் கலந்திருக்கிறார்கள். பேசுகிற குரலுக்கு விட்டிருந்த இடங்களை மட்டும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. யாரும் யாரிடமும் சொல்லி வைத்துக்கொண்டு செய்ததில்லை. எண்ணிப் பார்த்தால், பதினொரு உருப்படியில் முப்பத்து நாலு பள்ளம். காசு கொடுத்து வாங்குகிறவன் தட்டில் கீறல் என்று திருப்பி அனுப்பியிருப்பான். ட்ரெய்லர்காரர்களைத் தவிர உலகத்தில் வேறு எவனும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது.

கேஷிஷியன் ஏதோ சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் போல என்று எழுந்து, லஹ்மஜூனை மேஜைமேல் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

"முப்பத்து மூணையும் அடைச்சுக்கோ," என்றாள் கோரின். "கிடார் போடு, கோரஸ் போடு, என்ன வேணா பண்ணு. 'உப்புக் கதவு' நடுவுல இருக்கிறத மட்டும் தொடாத."

"கோரி, மத்த எல்லாத்தையும் விட அதுதான் பெருசு. நாலரை செகண்ட். வெறிச்சுன்னு கெடக்கும்."

"கெடக்கட்டும்."

அந்த நாலரை செகண்ட் வந்த விதம் அவளுக்கு நேற்று மாதிரி இருக்கிறது. வான் நைஸில் அப்போது அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீடு. தொண்ணூற்றொன்றாம் வருஷம். ஸ்டுடியோ இல்லை. சமையல் மேஜைமேல் ஒரு கீபோர்டு, அடுப்பு மேல் ஒரு ஒலிபெருக்கி. ராய்ஸ் அப்போதுதான் கார் விளம்பரங்களிலிருந்து ட்ரெய்லர்களுக்கு வந்திருந்தான். எந்தப் படத்துக்கு என்று தெரியாமல் இசையை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும், அதில் குரலுக்கு எவ்வளவு இடம் விடுவது? அளந்து பார்க்கலாம் என்றாள் கோரின். படிக்க வசனம் ஒன்றும் கையில் இல்லை. ராய்ஸ் எதிரில் இருந்த காலை உணவு டப்பாவை எடுத்தான். எழுந்து நின்றான். அந்தக் குரலில், உலகமே அழியப்போகிறது என்கிற தோரணையில், "ஓட்ஸ். கோதுமை. கொஞ்சம் உப்பு," என்று படித்தான். ஓடிக்கொண்டிருந்த நேரமானியை நிறுத்த மறந்துவிட்டுக் கோரின் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கத்து அறையில் மேளத்துக்குத் தோல் மாட்டிக்கொண்டிருந்த கிடியன், "சாவறதுக்கு முன்னாடி அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டே ஆகணும்னு தோணுதே!" என்று கத்தினான். மூன்றாவது தடவை ஒழுங்காக அளந்தார்கள். நாலரை செகண்ட். அந்த அளவுக்குக் கச்சிதமாகத்தான் 'உப்புக் கதவு' எழுதப்பட்டது. உப்பு என்கிற பெயரும் அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான்.

எவ்வளவு நல்ல நாட்கள்! கையில் சல்லிக்காசு இல்லை, ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் ஷெர்மன் ஓக்ஸ் தியேட்டருக்கு மூன்று பேரும் போவார்கள். பெரிய பாப்கார்ன் ஒன்று வாங்கி நடுவில் இருக்கிற ராய்ஸ் மடியில் வைத்துக்கொள்வார்கள். விளக்கு அணையும். பன்னிரண்டு நிமிஷம் ட்ரெய்லர்கள் ஓடும். படம் ஆரம்பித்து முதல் எழுத்து வந்ததும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். டிக்கெட் கிழிக்கிற அம்மாவுக்கு இது விளங்கவே இல்லை. "படம் பிடிக்கலைன்னா வேற தியேட்டருக்குப் போகலாமில்ல?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டாள். இருட்டில் தன் குரல் மேலிருந்து இடிக்கும்போது ராய்ஸ் நாற்காலியில் சரிந்து, தொப்பியை முகத்தில் இழுத்துக்கொள்வான். பின் வரிசையில் யாராவது "யாருடா இசை இது?" என்று கேட்பது காதில் விழும். கோரின் அவன் கையைக் கிள்ளுவாள். திரும்பி 'நான்தான்' என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வாய் அரிக்கும். ஒரு நாளும் சொன்னதில்லை. வெளியே வந்து கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டு மிச்சப் பாப்கார்னைத் தின்று, அடுத்த வாரத்துக்கான இசையைப் பற்றிச் சண்டை போடுவார்கள். அந்தக் கார் நிறுத்துமிடம் வாசனையோடு இன்னும் அவளுக்கு நினைவிருக்கிறது. அங்கே நின்ற மூன்று பேரில் ஒருத்தன் இல்லை என்பதை மனசு ஒத்துக்கொள்வதே இல்லை.

புதன் சாயங்காலத்துக்குள் கிடியன் முப்பத்து மூன்று பள்ளங்களையும் மூடிவிட்டான். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அவன் குரலையே அந்த எடத்துல போட்டா என்ன?"

"எந்தக் குரல? ஆயிரம் படத்துக்குப் பேசியிருக்கான். அதுல ஒரு வார்த்தையாவது நம்ம சொத்தா? எல்லாம் படக் கம்பெனிங்களோடது. வக்கீல் வந்து வாசல்ல நிப்பான்."

"வீட்டுல எடுத்தது ஏதாவது...?"

கோரின் தலையை ஆட்டினாள். வீட்டில் ராய்ஸ் தொண்டையைக் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று பாதி நாள் வாயைத் திறக்கவே மாட்டான். சாப்பாட்டு மேஜையில் மிளகுத்தூள் வேண்டுமென்றால்கூடச் சீட்டில் எழுதி நீட்டுவான். உலகத்துக்கே குரலை வாரிக் கொடுத்தவன் வீட்டுக்கு ஒரு நாடா அளவுகூட வைத்துவிட்டுப் போகவில்லை. அதை நினைத்து அவளுக்குப் பல நாள் கோபம் கோபமாக வந்திருக்கிறது.

"அவனோடதுன்னு எங்கிட்ட இருக்கிறது அந்த நாலரை செகண்ட்தான் கிடியன். அதைப் போட்டா அவன் வர்றான். தினம் வர்றான். அதையும் நீ மூடிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

ஆனால் கிடியன் பிடித்த பிடியை விடவில்லை. "எனக்கும்தான் கேக்குது கோரி. எனக்குக் கேக்கலன்னு நெனச்சியா? ஆனா அந்தப் போலந்துக்காரன் கல்யாணத்துல இதைப் போடுவான். எல்லாரும் எழுந்து ஆடிக்கிட்டு இருப்பாங்க, நடுவுல சத்தம் நின்னு போகும். கம்பி புடுங்கிருச்சுன்னு நாலு பேர் மேஜைக்கு அடியில பூந்து தேடுவாங்க. ராய்ஸுக்கு அவங்க குடுக்கிற மரியாதை அதுவா?"

"அப்ப 'உப்புக் கதவ' எடுத்துடு."

"அதை எடுத்தா தட்டே வேணாம். ஒட்டி வச்சிருக்கிற லெட்டரப் போய்ப் படி."

"சரி, தட்டு வேணாம்," என்று சொல்லிவிட்டுக் கோரின் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முப்பது வருஷச் சிநேகிதத்தில் அவனிடம் விடைபெறாமல் போனது அன்றைக்குத்தான்.

வியாழக்கிழமை காலையில் அவள் வந்தபோது, கட்டடத்துக்குப் பின்னால் இருந்த இரும்புப் படிக்கட்டில் ஒடெஸா காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தாள். கீழே கேஷிஷியனின் சலவை யந்திரம் ஓடி, படி முழுக்க லேசாக அதிர்ந்தது. ஒடெஸா நகர்ந்து இடம் கொடுத்தாள். இன்னொரு கோப்பையை நீட்டினாள்.

"கிடியன் எல்லாத்தையும் சொன்னாரு, மிஸ் கோரின். நான் ஒண்ணும் பேச வரல. காபி சூடா இருக்கு, குடிங்க."

கொஞ்ச நேரம் குடித்தார்கள். இரவு முழுக்க ஒரு கேள்வி கோரினைக் குடைந்திருந்தது. தானும் கிடியனும் அந்த இடத்தை விட்டது பழக்கதோஷம். இவளுக்கு என்ன பழக்கம்? ராய்ஸ் இறந்து இரண்டு வருஷத்துக்கும் மேல் கழித்து வந்தவள். தடையில்லாமல் பாடிக்கொண்டு போக வேண்டியவள் அங்கே வந்து ஏன் வாயை மூடினாள்?

கேட்டே விட்டாள்.

"நீங்கதான கையத் தூக்குனீங்க," என்றாள் ஒடெஸா.

"நானா? எப்போ?"

"அய்யோ, ஒவ்வொரு தடவையும். பதினாலு தடவை பாடுனேன். அந்த எடம் வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க வலது கை இப்படி எழும்பும்." உள்ளங்கை தெரியக் கையை உயர்த்திக் காட்டினாள். "எங்க சர்ச்சுல பாட்டு வாத்தியாரம்மா அப்படிக் கையத் தூக்குனா, மூச்சு விட்டாக்கூட உதை விழும். அதான் நிறுத்திட்டேன். அப்புறம் கைய எறக்குனீங்க, பாடுனேன்."

கோரின் தன் கையைப் பார்த்தாள். அது எழுந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது. வான் நைஸ் சமையலறையில் ஆரம்பித்து, இந்த மாடியின் கண்ணாடி அறை வரை, ராய்ஸ் வாய் திறக்க வேண்டிய நொடியில் அவள் கொடுத்துவந்த சைகை அது. அவன் தாளிலிருந்து கண்ணை எடுத்து அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பான். உயர்ந்ததும் பேசுவான்.

"அது நிறுத்தச் சொல்றது இல்லம்மா," என்றாள். "அது வான்னு கூப்பிடுறது."

ஒடெஸா கோப்பையைப் படியில் வைத்தாள். கோரின் தோளில் கை போட்டு, அவள் அழுது முடிக்கிறவரை அப்படியே இருந்தாள். கீழே சலவை யந்திரம் ஒரு சுற்று முடிந்து நின்றது.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே, மிஸ் கோரின்?"

"சொல்லு."

"உங்க வீட்டுக்காரர் எடம் எனக்கு வேணாம். அது யாருக்கும் கெடைக்காது. ஆனா அந்தக் கை மூணு வருஷமா கூப்பிட்டுக்கிட்டே நிக்குது. பாக்கவே பாவமா இருக்கு. யாராவது ஒருத்தர் வரணுமில்ல?" கொஞ்சம் தயங்கி, "நான் வரட்டுமா?" என்றாள்.

கோரின் எழுந்து மேலே போய், கணினியை இயக்கி, 'உப்புக் கதவை' எடுத்து வைத்தாள். கிடியன் மைக்கைச் சரிசெய்தான்.

"அந்த எடத்துக்கு வரி எழுதியிருக்கியா?" என்று கேட்டான்.

"இல்ல. என்ன வருதோ அது," என்றாள் ஒடெஸா கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

இசை ஏறியது. மேளங்கள், கோரஸ், பித்தளை வாத்தியங்கள், எல்லாம் கூடி மேலே போய், அறுந்தது. இந்தத் தடவை கோரின் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது தானாக எழுந்தது. எழுந்த கணத்திலேயே ஒடெஸா உள்ளே வந்துவிட்டாள். வார்த்தை இல்லை. ஒரே குரல், துணைக்கு எந்த வாத்தியமும் இல்லாமல், கீழே தொடங்கி நெஞ்சு நிறைய ஏறி, மேலே போய் விரிந்தது. கிடியன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு ஒரு சின்ன வெறுமை, அப்புறம் மேளங்கள் திரும்பி வந்து அறைந்தன.

ஒரே தடவைதான் பாடினாள். இரண்டாவது வேண்டியிருக்கவில்லை.

"கடைசியில அரை செகண்ட் மிச்சம் விழுது," என்றான் கிடியன் திரையைப் பார்த்து. "கொஞ்சம் இழுத்துப் பாடச் சொல்லலாமா?"

"வேணாம். அவ சரியாத்தான் பாடியிருக்கா." கோரின் திரையில் அந்த இடத்தைப் பெரிதாக்கினாள். "நான் கையத் தூக்குனதும் ராய்ஸுக்கு ஒரு மூச்சு வாங்கணும், ஞாபகமிருக்கா? அப்பவே நெஞ்சு சரியில்ல அவனுக்கு. மத்தவங்க நாலு செகண்ட்ல முடிச்சிருப்பாங்க. அவன் கூச்சப்படக் கூடாதுன்னு யார்கிட்டயும் சொல்லாம, அளந்தப்பவே அந்த மூச்சையும் சேத்து அரை செகண்ட் கூட விட்டு எழுதுனேன்."

கிடியன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் அது அவனுக்கே தெரியாது.

"அப்படீன்னா அதை விட்டுடலாம் கோரி. அரை செகண்ட்தான். எவனுக்கும் தெரியாது. அவன் ஞாபகமா இருந்துட்டுப் போகட்டும்."

அவள் யோசித்தாள். உண்மையில் ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் காது கேட்காமலா போகும்? ஒடெஸாவின் குரல் ஓய்ந்த பிறகு அந்த அரை செகண்ட், பாட்டில் ஒரு தடுமாற்றமாகத்தான் கேட்டது. அந்தப் பெண் மூச்சு முட்டி நிற்பது போல.

"இவளுக்கு அது தேவையில்ல," என்றாள். அந்தத் துண்டைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை அவளே அழுத்தி வெட்டினாள். மேளங்கள் அரை செகண்ட் முன்னால் நகர்ந்து வந்து குரலோடு ஒட்டிக்கொண்டன.

ஒடெஸா வெளியே வந்து சோபாவில் உட்கார்ந்தாள். கிடியன் பக்கத்தில் நின்றான். முதலிலிருந்து ஓட விட்டார்கள். ஐந்து நிமிஷம். கப்பல் இல்லை, ராஜா இல்லை, தேதி இல்லை, ஒரு பாட்டு மட்டும் இருந்தது. கோரின் எழுதியதிலேயே நல்லது அதுதான், அவளுக்கே தெரிந்தது. மேளம் ஏறிக்கொண்டு வந்தபோது அவள் காது, வழக்கம்போல, அவனுக்காகக் காத்து நின்றது. எல்லாம் அடங்கியது. ஒடெஸா பாடினாள். மேளங்கள் வந்தன. பாட்டு தன்பாட்டுக்கு மேலே போயிற்று.

முடிந்ததும் கிடியன் குனிந்து, "அனுப்பிடட்டுமா?" என்று கேட்டான்.

கோரின் தலையசைத்தாள். பிறகு அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராய்ஸ் போயிட்டான், கிடியன்," என்றாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் சவப்பெட்டியின் முன்முனையைத் தோளில் சுமந்தவன் அவன்தான். இருந்தாலும் அப்போதுதான் சேதி வந்தது போல அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆமா கோரி," என்றான். "போயிட்டான்."